நாலாவது படி

பெய்ராவில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
மூன்று மேசை, ஒரு மின்விசிறி.
நாங்கள் வெள்ளத்தை வாசிக்கிறோம்.
புயல் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது,
கோப்பில் மட்டும் இன்னும் வடியவில்லை.

பெயர்களை முன்பே உரித்து அனுப்பியிருந்தார்கள்.
பயனர் 212. பயனர் 3090.
ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம் வைக்க வேண்டும்:
அவசரம் என்றால் சிவப்பு, தகவல் மஞ்சள்,
அரட்டைக்குச் சாம்பல்.
நூறு வரிக்கு இத்தனை மெட்டிக்கல் என்று கூலி.
எங்கள் நிறத்தைப் பார்த்துப் பார்த்து
எந்திரம் படிக்கப் பழகும்.
அடுத்த புயலில் படகு முதலில் எந்தத் தெருவுக்கு என்று
அது சொல்லும்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

முதல் வாரமே அதன் காது தெரிந்துவிட்டது.
போர்த்துகீசியத்தில் ‘ஆக்வா’ என்றால் நிமிரும்.
சேனாக்காரர் ‘மாட்ஸி’ என்று எழுதினால்
யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்துக்கொள்ளும்.
என் அம்மாவின் மொழியில் ‘ம்வுரா’ என்று வந்தால்
எழுத்துப்பிழை.
ஒரே தண்ணீர்தான்,
மூன்று வாசல் வழியாக வந்தது.

‘உதவி உதவி’ என்று அலறிய வரிகளைத் திறந்தால்
பாதிப்பேர் லிஸ்பனில் இருந்தார்கள்.
ஒரே ஜெபம் தொள்ளாயிரம் முறை நகலாகியிருந்தது.
ஒருவன் ஜெனரேட்டர் விற்றான்,
இரட்டை விலைக்கு, இதயக்குறியோடு.
மூழ்கியவர்கள் அந்தச் சொல்லை அதிகம் செலவழிக்கவில்லை.
கணக்குச் சொன்னார்கள்:
கட்டில் கால் வரை.
ஜன்னல் வரை.
ஆறு பேர், ஒரு ஆடு.

பயனர் 4417:
“நாலாவது படி ஆச்சு. ஃபிரிட்ஜ் நீந்தப் பழகிடுச்சு ககககக”

ககககக என்றால் எங்கள் ஊர்த் திரையில் சிரிப்பு.
நான் சாம்பல் வைத்தேன்.
வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தேன், மறைப்பானேன்.
ஃபெலிஸார்டா சிவப்பு வைத்தாள்.
மூன்றாம் மேசை ஓனோரியு மஞ்சள்.
அவனுக்கு யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காது.

மாப்புட்டோவிலிருந்து மடல்:
உங்களுக்குள் ஒத்துப்போவது அறுபத்தொரு புள்ளி,
எழுபதாவது வேண்டும்,
பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பேசினோம்.
“சிரிக்கிறானே,” என்றேன்.
“சிரிக்காமல்?” என்றாள்.
“நாலு படிதானே. மேலே இன்னும் எத்தனையோ இருக்கும்.”
“மொத்தமே ஏழு.”

மின்விசிறி ஒருமுறை முக்கியது.

“அஞ்சாவதில் போன் அணைந்துவிட்டது,”
என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
“ஃபிரிட்ஜுக்கு இன்னும் ரெண்டு தவணை பாக்கி.”

தேடிப் பார்த்தேன்.
அந்த வரிக்குப் பிறகு கோப்பில் 4417 இல்லை.
ஐந்தாவது படி கோப்பில் எங்கேயும் இல்லை.
ஓனோரியு சத்தமில்லாமல் மஞ்சளைச் சிவப்பாக்கினான்.
நான் சாம்பலை அழிக்க இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது,
விரல் ஏனோ முதல் முறை நழுவியது.
சிரிக்கிறானே என்று சொன்ன அந்த ‘ஆன்’
நாக்கிலேயே கிடந்தது.

அன்று மாலை விதிமுறைத் தாளில் ஒரு வரி சேர்ந்தது:
படி எண்ணிச் சொன்னால் சிவப்பு.
சிரித்தாலும் சிவப்பு.
யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது எந்திரம்
படி என்றாலே பதறுகிறது.
தேவாலயப் படியில் நின்ற மணமக்களுக்குச் சிவப்பு.
பட்டத்துக்கு ஒரு படிதான் பாக்கி என்று
பெருமை பேசிய மாணவனுக்குச் சிவப்பு.
மூட்டு வலிக்காரர் ஒருவர்,
பன்னிரண்டு படி ஏறிவிட்டேன் என்று எழுதி
படகு வரும் தகுதி பெற்றிருக்கிறார்.

மாப்புட்டோ கேட்கிறது:
இந்தப் பிழையை எப்போது திருத்துவீர்கள்?

பதில் எழுதுவது என் முறை.
நவம்பர் பிறந்து ஒன்பது நாள்.
கடல் பக்கம் ஜன்னல் ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது.
இன்னும் எழுதவில்லை.