நான்கு நாற்பது வரை

இன்று என் வேனில் அவன் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
பளபளக்கும் அட்டையில், நெப்ராஸ்காவின் சோளத்துக்கு முன்னால்,
சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறான்.
கவுண்டி ஆணையர் பதவிக்கு டேரில் ஸ்வோபதா.
சொன்ன சொல் தவறாதவர்.

பதினோரு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் நான்.
அட்டைகளை ரப்பர் வளையத்தில் கட்டி
இடப்பக்கத் தட்டில் அடுக்குகிறேன்,
எதிர்த்து நிற்பவளின் அட்டைகளுக்குப் பக்கத்தில்.
அவளுடையது ஒரு சுற்றுச் சின்னது. பணம் போதவில்லை போலும்.

தேர்தல் வந்தால் வாசிக்கும் தாளைக்
காலையில் வாசித்தாள் மேற்பார்வையாளர் கிரெட்டா:
சீருடையில் கூடாது. வேனில் கூடாது.
பணி நேரத்தில் வாய் திறக்கவே கூடாது.
"புருவத்தைத் தூக்கலாமா?" என்றான் பின்வரிசை ஓர்லின்.
சிரித்தோம்.
கிரெட்டா சிரிக்கவில்லை. "புருவமும்தான்."

சீடர் தெருவில் திருமதி பெல்லோஸ்
வலைக்கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
"மார்லா, உனக்குத் தெரியாததா? ஆள் எப்படி?"

என் நாக்கு நுனியில்
சொல்லாமல் அடமானம் வைத்த டிராக்டர் நிற்கிறது.
மகளின் பல் கம்பிக்கென்று சேர்த்து
ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போன பணம் நிற்கிறது.
பனிப்புயலில், யாருடைய கன்றுக்காகவோ
விடிய விடிய அவன் முழங்காலிட்டிருந்த ஓர் இரவு,
அதுவும் நிற்கிறது, தள்ளினாலும் போகாமல்.

"மழை வரும்போல இருக்கிறது" என்கிறேன்.

வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் புருவத்தை.

நான்கு நாற்பதுக்கு வெளியே வந்தேன்.
நீலச் சட்டை பின்னிருக்கையில் கிடந்தது.
இனி எந்தச் சட்டமும் தடுக்காது,
யாரிடமும் எதையும் சொல்லலாம்.
முட்டை, ரொட்டி, பூனைக்குத் தீனி,
வரிசையில் எனக்கு முன்னால் ஏழு வாக்காளர்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
கல்லாவில் இருந்த பையன் மட்டும்
பை வேண்டுமா என்றான்.

என் தெரு ஓர்லினின் பொறுப்பு.
வீட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே
டேரில், மூலை மடங்காமல்.
நானும் அப்படித்தான் வைத்தேன், நானூற்றுப் பன்னிரண்டையும்.

பின்பக்கம் பொடி எழுத்தில்:
கேள்விகள் உண்டா? அழையுங்கள்.
கீழே ஓர் எண்.
பள்ளிக்கூடத்துக்கு, பல் மருத்துவருக்கு, வங்கிக்கு,
எல்லாப் படிவத்திலும்
என் கையெழுத்தில் நான் நிரப்பிய அதே எண்.