வலைக்கண்

ஏழாம் தேதி. எஸ்டேட்டில் சம்பளம்.
மோட்டாரின் பின்னால் ஐஸ்பெட்டி கட்டி
பாகான் டத்தோ ஜெட்டியில் நிற்கிறேன்,
சுபுஹுக்கு ஒளுச் செய்த ஈரம் தாடியில்.

கோக் செங் கூடையைக் கவிழ்த்தான்.
விரல் நீளம்கூட இல்லாத செனாங்கின் குஞ்சுகள்,
வயிறு நிறைய முட்டையோடு ஒரு நண்டு.
"கிலோ மூணு வெள்ளி. அள்ளிக்க பாய்."
அள்ளினேன்.
பெட்டிக்குள் அவை
கொட்டிய ஆணிகளாகக் கிடந்தன.

லுஹருக்குச் சூராவில் குழாயை விரியத் திறந்தேன்.
மேலே சுவரில், எழுத்து உரிந்த பலகை:
ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும்
நீரை விரயம் செய்யாதே.
பாதி மூடினேன்.
தண்ணீரை மூன்று மூன்றாய் எண்ணுகிறவன்
காலையில் எதை எண்ணினேன்?

லயத்தில் சொல்லிப் பார்த்தேன்:
"இனிமே குஞ்சு மீன் கொண்டு வரமாட்டேன்.
கடலும் அமானிதம்தானே."
கோகிலவாணி இடுப்பில் கை வைத்தாள்,
விடிந்ததிலிருந்து செம்பனைக்கு மருந்தடித்த கை.
"பெரிய மீனுக்கு என்கிட்ட காசு இருக்கா பாய்?
இந்த மருந்துத் தோம்பு கழுவுற தண்ணி,
மில்லுல விடுற கழிவு,
எல்லாம் எந்தக் கடலுக்குப் போகுது?
மானேஜருகிட்டயும் போயி ஓதுங்க."

'தரையிலும் கடலிலும் கேடு தோன்றிற்று,
மனிதர் கைகள் தேடிக்கொண்டதால்.'
எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன்.
அந்தக் கைகள்
வேறு யாருடையவையோ என்றிருந்தேன்.

செத்ததை எறிவதும் விரயம்.
அவளுக்கு ஒரு கிலோ சும்மா நிறுத்தேன்.
மிச்சத்தை வாசல் வாசலாகக் கொடுத்தேன்.
நாற்பது வெள்ளி போயிற்று.
பெரிய மனதாலா? இல்லை,
என்ன செய்வதென்று தெரியாமல்.

சாயங்காலம் மறுபடி ஜெட்டி.
கோக் செங் வலையைக் காயப்போட்டிருந்தான்.
கண்ணிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
நகத்தோடு நின்றது.
"கண்ணு பெருசாகட்டும். அப்புறம் வாங்குறேன்."
சிகரெட்டை எடுக்காமலே சிரித்தான்:
"நீ வாங்காட்டி
கோழித் தீவனக்காரன் வாங்குவான்."
உண்மைதான். லாரி வந்து நின்றிருந்தது.

கோணிச் சாக்கில் நண்டுக்கு மட்டும் உயிர் இருந்தது.
படியில் குந்தி, கட்டை அவிழ்த்தேன்.
நன்றியெல்லாம் இல்லை,
கட்டைவிரலை ஒரு கவ்வு கவ்விவிட்டு
சேற்றுக்குள் பக்கவாட்டில் போனது.

மஃரிபுக்கு பாங்கு.
குழாயை நூலளவு திறந்தேன்.
முதல் கை நீர் எரிந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதும்.