சுவரில் நான்கு எழுத்து

கேரவாவில், ரயில் பாதையை ஒட்டிய
மஞ்சள் மரவீட்டின் கீழறையில்
நான்கு மர எழுத்துகள் தொங்கின:
எச், ஓ, எம், ஈ.
தள்ளுபடியில் மருமகள் வாங்கி வந்தவை.
ஆங்கிலத்தில் அது வீடு.
பின்னிஷில் படித்தால் ஹொமே,
பூசணம்.

இர்மெலி தெரிந்தேதான் ஆணி அடித்தாள்.
மருமகள் ஸ்காட்லாந்துக்காரி,
கோடையில் மட்டும் வருபவள்.
சிரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று
மூன்று வருடம்
சிரிக்காமல் இருந்தாள்.

சுவர் பூச ஊர்மஸ் வந்தான், தாலினிலிருந்து.
திங்கள் விடியலில் ஒரு கப்பல்,
வியாழன் இரவில் ஒரு கப்பல்.
அவனுடையது எஸ்தோனியம். அவளுடையது பின்னிஷ்.
ஒரே வயிற்றில் பிறந்து
வேறு வேறு வீட்டில் வளர்ந்த மொழிகள்;
முகஜாடையை நம்பினால் மோசம் போகலாம்.
மலிவான சாந்து போதும் என்றாள் முதல் நாள்.
கெட்ட சாந்து போதும் என்று அவன் காதில் விழுந்தது.
என்ன பெண்மணி இவள் என்று
நல்லதையே குழைத்தான்.

எழுத்துகளைக் கழற்றித் தரையில் சாய்த்துவிட்டு
சுவர்க்காகிதத்தை உரித்தான்.
பின்னால் கருப்பு.
முதலில் கை அகலம், பிறகு ஆள் அகலம்.
"ஹல்லித்துஸ்" என்றான்.
இர்மெலி மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.
அவள் மொழியில் அது அரசாங்கம்.
"என் சுவருக்குள்ளேயா?"
"உள்ளேதான். ஈரம் கண்ட இடமெல்லாம் பரவும்."
"அது சரி" என்றாள்.
பிறகு கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல்
தரையில் சாய்ந்திருந்த நான்கு எழுத்தையும்
செருப்பு நுனியால் தொட்டுக் காட்டினாள்.

அன்றைக்குத்தான் சிரித்தாள்,
இருமல் வரும்வரை.

"எப்போது முடியும்?"
"ஹொம்மே." அவன் மொழியில் நாளை.
"பூசணம் என்று தெரியும். எப்போது?"
"ஹொம்மே, ஹொம்மே!"
சாந்துக் கையால் காற்றில்
ஒரு காலண்டர் தாளைக் கிழித்தான்.

தமிழில் எழுதிப் பார்க்கிறேன்:
ஹோம், ஹொமே, ஹொம்மே,
போகிற போக்கில் பிரெஞ்சு மனிதன், ஒம்.
நம் எழுத்தில் வேஷம் கலைந்துவிடுகிறது.
அவர்கள் எழுத்தில்
ஒரே நிறக் கோட்டு மாட்டி
ஒரே பேருந்துக்கு நிற்கிற அந்நியர்கள்.
பிரெஞ்சு மனிதனின் வேரைத் தோண்டினால்
லத்தீன் மண் தட்டுப்படும் என்கிறார்கள்.
மண்ணென்றால் ஈரம் இருக்கும்.
ஈரம் இருந்தால்,
வேண்டாம், நிறுத்திக்கொள்கிறேன்.

வியாழன் சாயங்காலம் கரணையைக் கழுவியபடி
வெள்ளிக்கிழமை வர முடியாது என்றான்,
மகளுக்குப் புல்ம்.
அவன் ஊரில் அது கல்யாணம்.
அவள் காதில் அது சிக்கல்.
"எவ்வளவு நாளாக?"
"ஒரு வருடமாக ஏற்பாடு."
காபி ஊற்றினாள். ஏலக்காய் ரொட்டியை
முழுசாக அவன் பக்கம் தள்ளினாள்.
"பெண்ணைத் தனியாக விட்டுவிடாதே."
"எப்படி விடுவேன்? வால்ட்ஸ் ஆட வேண்டுமே.
கால்தான் இன்னும் பழகவில்லை."
வால்ட்ஸ் என்றதும் அவளுக்கு விளங்கிற்று.
முப்பத்தெட்டு வருடம் ஒருவனோடு வாழ்ந்தவள்;
அகராதியைத் திருத்தவில்லை.
இன்னொரு ரொட்டியைப் பொட்டலம் கட்டினாள்.

கப்பல் மேல்தளத்தில் நல்ல காற்று.
பின்னிஷ் மாலுமி தெற்குக் காற்று என்றான்,
எதெலா. ஊர்மஸுக்கு எதெல் என்று கேட்டது,
தென்மேற்கு.
ஒரே கடல், நடுவில் ஒரு திசை
இடம் மாறி நிற்கிறது.
எந்தப் பக்கமிருந்து வந்தாலும்
தொப்பியைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தார்த்துவிலிருந்து மகள் கூப்பிட்டாள்.
எப்போது வருவாய்?
"ஹொம்மே" என்றான்.
சரி என்று வைத்துவிட்டாள்.
அவ்வளவுதான். ஒருமுறை சொன்னது போதுமானதாக இருந்தது.

போனைப் பையில் போடும்போது
சட்டைக் கையிலிருந்து வாசம் வந்தது.
பின்னிஷ் வாசம்.
பொட்டலத்தைப் பிரித்து
ரொட்டியை மற்றக் கையால் தின்றான்.