எப்ப

மாங்குளத்தில் பஸ் பழுதாகி
ஒட்டுசுட்டான் கந்தோருக்கு நான் பிந்திப் போன அன்று
மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே
கூட்டம் தொடங்கியிருந்தது.

கந்தோர், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்.
நான் இருக்கும் கதிரை போர்த்துக்கீசருடையது.
கோட்டைகளை இழந்தவர்கள்
தளபாடத்தை எங்கள் வாயில் வைத்துவிட்டுப்
போயிருக்கிறார்கள்.
என் சொந்தமென்றால்
லாச்சிக்குள் கிடக்கும் சிவப்புக் கொப்பி ஒன்றுதான்.
ஒன்றுபோல் ஒலித்து
வேறு வேறு வீட்டில் குடியிருக்கும் சொற்களை
அதில் எழுதுகிறேன்.
சம்பளம் இதற்கில்லை.

மல்லி: எங்களுக்கு ரசத்துக்கு,
சிங்களத்தில் தம்பி.
சோறு 'வெடியி' என்றால் குனியாதே,
அதிகமாம்.
கன்ன: சாப்பிட.
மிதிவெடி அகற்றும் முகாமில்
சமையல்காரர் சோமதிலக்க தட்டை நீட்டி
'கன்ன, கன்ன' என்றாராம்.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்,
கண்ணா என்று தன்னை யாரோ கூப்பிட்டதாய்
தனுக்கீதன் அழுதிருக்கிறான்.
அதை மட்டும் நான் திருத்தப் போகவில்லை.

அன்று வந்திருந்தவ நாகரஞ்சிதமக்கா.
முத்தையன்கட்டுப் பக்கம் மூன்று ஏக்கர்.
அதற்குள் வன இலாகாவின் கல்.
கையில் உறுதி.
மூன்று தரம் நனைந்து காய்ந்து
மடிப்பில் கிழிந்த தாளுக்கு
நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது.

ஜயலத் சேர் படத்தை விரித்திருக்கிறார்.
விடப்போகிற காணிகளின் படம்.
அக்கா கேட்டிருக்கிறா:
'எப்ப?'
அவர் நிமிர்ந்திருக்கிறார்.
'எப்ப ஐயா, எப்ப?'

அவருடைய மொழியில் எப்பா என்றால் வேண்டாம்.

நான் வியர்த்து உள்ளே நுழைந்தபோது
படம் சுருண்டு ரப்பர் வளையத்துக்குள் இருந்தது.
'மனுசிக்கு வேண்டாமாம். மூன்று தரம் சொல்லிவிட்டா'
என்றார் சிங்களத்தில். கோபமில்லை,
கொஞ்சம் மனவருத்தம்கூட.

சேர், அது கேள்வி என்றேன்.
'கவதாத' என்று கேட்கிறா.

அவர் சிரிக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்தினார்.
ரப்பர் வளையத்தைக் கழற்றி
விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்.
பிறகு,
'பலமு.'

அக்கா என் பக்கம் திரும்பினா, முகம் மலர்ந்து:
'பலம் எண்டு சொல்லுறாரோ, பிள்ளை?'

எத்தனையோ சொற்கள்
கை மாறும்போது சிந்தும்.
இது சிந்தவில்லை.
நாங்கள் என்ற விகுதிகூட இடம் மாறாமல்
அப்படியே வந்து இறங்கியது.
'பார்ப்பமாம், அக்கா.'

'ஓ' என்றா.
அந்தச் சொல்லை அவ
தமிழ் ஐயாமாரிடமும் கேட்டிருக்கிறா.

கொப்பியில் இதற்கு இடமில்லை.
பலமு, பார்ப்பம்:
ஒலியில் ஒட்டுமில்லை உறவுமில்லை.
கடைசிப் பக்கத்தைத் தலைகீழாய்த் திருப்பி
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

உறுதியைப் பொலித்தீனில் சுற்றி
அக்கா எழும்பினா.
வாசலில் நின்று திரும்பி
அவரைப் பார்த்து
இன்னொருக்கால் கேட்டா,
ஒருவருக்கும் பிழையாய்க் கேளாதபடி
மெதுவாக.