பதினைந்தாவது இரவு

அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை.
அதனால் ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் குனிந்து
நானே சொல்லிவிடுகிறேன்:
அடிகுழாய்த் தண்ணீர் இரும்பு ருசிக்கும், குடிக்கலாம்.
முதல் இருபது அடி துருவுக்கு, அப்புறம் உங்களுக்கு.
ரொட்டி, சோப்பு, பற்பசை, நாய்த்தீனி
எல்லாம் கரடிப் பெட்டிக்குள்.
வெளியூர் விறகு கூடாது, வண்டு வரும்;
எதிர்ச்சரிவில் சிவந்து நிற்கிறதே பைன் காடு,
படம் எடுக்கிறீர்களே,
அது பருவத்தின் நிறம் இல்லை. செத்த மரம்.
பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் கூடாது.
பதினான்கு இரவுக்கு மேல்
யாரும் கூடாது.

கடைசி வரியை மட்டும் வேகமாகச் சொல்வேன்.
நான் மே மாதம், பாதையில் பனி கிடக்கும்போதே வந்தவள்.
முதலாம் இடம், என் டிரெய்லர், வாடகை கிடையாது.
ஆறு கழிப்பறைகளைக் கழுவுகிறவளுக்கு
அந்தப் பதினான்கு பொருந்தாது.
அக்டோபரில் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பேன்.
அப்புறம் எங்கே என்று
வனத்துறையில் யாரும் கேட்டதில்லை.

ஒன்பதாம் இடத்துக்கு வந்த வண்டிக்கு
ஐடஹோ பதிவெண். இந்த மாவட்டமே.
பின் ஜன்னலில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தொங்கியது.
விடுமுறைக்கு வருகிறவன்
இஸ்திரிச் சட்டை கொண்டுவருவதில்லை.
ஓர்வல் டெக்கர்ட் என்று உறையில் எழுதியிருந்தான்.
கீழே மர ஆலை மூடிய வசந்தத்தைப் பற்றி
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
விறகுக்கட்டு ஆறு டாலர் என்றேன்.
வேண்டாம், குளிரவில்லை என்றான்,
மூச்சு புகையாக வெளியே வர.

மகள் லினெட், எட்டு வயது இருக்கும்,
மேசையில் வகுத்தல் கணக்குப் போடுவாள்.
மீதி வந்தால் எரிச்சல் அவளுக்கு.
ஒருநாள் என்னைக் கேட்டாள்:
பதினான்கு முடிந்தால் நாங்கள் எத்தனை மைல் போக வேண்டும்?
முப்பது என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

பதினான்காம் நாள் காலை
நான் சுண்ணாம்பு வாளியோடு போனபோது இடம் காலி.
சாம்பலை நனைத்துக் கிளறியிருந்தான், கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.
கூடாரத்தின் கீழ் படிந்த மண்ணைக்கூட
முள்வாரியால் கலைத்துவிட்டிருந்தான்.
முள்வாரி என்னுடையது.
எப்போது எடுத்து, எப்போது திருப்பி வைத்தான்?

கட்டணக் குழாயைத் திறந்தால்
கூடுதலாக ஓர் உறை, சில்லறையின் கனம்.
பென்சிலில், வகுத்தல் கணக்கின் அதே எழுத்து:
"முதல் நாள் இருட்டிய பிறகு வந்தோம்.
அந்த இரவுக்குப் பணம் போடவில்லை. இது அது."
பன்னிரண்டு டாலர், கால் டாலர் நாணயங்களாக.
இரண்டு முறை எண்ணினேன்.

ஆக, பதினைந்து.

பேரேட்டில் அப்படி எழுதினால்
அடுத்த முகாமில், அதற்கடுத்ததில்,
ஓர்வல் டெக்கர்ட் என்ற பெயருக்கு எதிரே
சிவப்புக் குறி நிற்கும், ஓராண்டுக்கு.
எழுதாவிட்டால் பன்னிரண்டு டாலர் இடிக்கும்;
வெள்ளிக்கிழமை வருகிற ரேஞ்சர் கூட்டிப் பார்ப்பவன்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வண்டி ஓட்டியவள் நான்,
மஞ்சள் கோட்டைத் தாண்டியதில்லை.
பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
ஒன்றாம் இடம். ஓர் இரவு. பன்னிரண்டு டாலர்.
பெயர் என்ற கட்டத்தில் என் பெயர்.

பென்சில் சீட்டைப் பெட்டியடுப்பில் போடலாமென்று எடுத்தேன்.
நெருப்புத் தடை அன்றுதான் தொடங்கியிருந்தது.
மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
நான்காம் கழிப்பறைக்குப் போனேன்.
காகிதம் தீர்ந்துவிட்டதென்று
யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.