நூற்றுக்கு ஏழு

மார்ச் முப்பது, இரவு பதினொன்று.
கீழே செல்போன் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.
மஞ்சக்குப்பத்தில் விழித்திருப்பது
நானும், ஒரு எக்செல் தாளும்,
இந்த வருடம் இரண்டாம் முறை ஏறிய டாலர் பில்லும்.

நானூற்றுப் பன்னிரண்டு இணையதளங்களுக்கு
வீட்டுக்காரி நான்.
என் வீட்டுக்காரன் மும்பையில்.
அவன் சர்வரை நான் பார்த்ததே இல்லை.
வாடகையை ஏற்றும்போது மட்டும்
'அன்புள்ள வாடிக்கையாளரே' என்பான்.

நூறு ரூபாய் வந்தால்
சர்வருக்கு நாற்பத்தொன்று,
லைசென்ஸுக்குப் பத்தொன்பது,
இந்த அறை, ஏசி, இன்வெர்ட்டர் எல்லாமாக ஒன்பது,
கலியமூர்த்திக்கு இருபத்துநான்கு.
இருபத்துநான்கில் கை வைக்கலாம் என்கிறது தாள்.
புயல் நாளில் கெடிலம் ரோட்டுக்கு ஏறியபோது
பேட்டரியைத் தலையில் சுமந்து படியேறி
மூன்று நாள் போன் எடுத்தவன் அவன் என்பதற்குத்
தாளில் கட்டம் இல்லை.

மீதி ஏழு.

லாஸ்பேட்டையில் இதே தொழில் செய்யும்
அந்துவான் சிரித்தார்:
'ஏழா? உனக்கு பஸ் விடத் தெரியலை.
கடலூர்-பாண்டி வண்டியில பாரு,
ஐம்பது சீட்டுக்குத் தொண்ணூறு டிக்கெட்.
கன்னியக்கோயில்ல நாலு பேர் இறங்குவான்,
கிருமாம்பாக்கத்துல ஆறு,
தவளக்குப்பம் வந்தா காத்து வரும்.'

நானும் விற்றுத்தான் இருக்கிறேன், அண்ணே.
தீபாவளிக்கு முந்தின வாரம்
எவனும் இறங்கவில்லை.
பட்டாசுக் கடைக்காரர் தளத்தில்
படிக்கட்டுவரை தொங்கினார்கள்,
வண்டி நடுரோட்டில் நின்றது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
செம்மண்டலம் கல்யாண மண்டபம்
மாதம் தொண்ணூற்றொன்பது தருகிறது,
பதினோரு முறை போன் செய்கிறது.
வைகாசி என்றால் இருபது.
பாஸ்வேர்ட் மேனேஜரின் மச்சானிடம் இருக்கும்.
மச்சான் துபாயில் இருப்பான்.

போன் செய்யாமல் காசு தருகிறவர்களுக்குப்
பச்சை அடித்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு.
ஒவ்வொன்றாகத் திறந்தால்
ஊரடங்கில் மூடிய கம்ப்யூட்டர் சென்டர்,
தோற்றுப்போன ஒரு வார்டு வேட்பாளர்,
பிரிந்துவிட்ட ஜோடியின் கல்யாண அழைப்பிதழ்
(இன்னும் இத்தனை நாள் என்பது மைனஸில் ஓடுகிறது),
துறைமுகத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரி:
கடைசியாக உள்ளே வந்தது இரண்டாயிரத்துப் பதினெட்டு.
எல்லாருடைய வங்கிக் கணக்கும்
வருடா வருடம் தூக்கத்தில் தலையாட்டுகிறது.

என் ஏழும் நிற்பது
முப்பத்தெட்டுப் பேரின் மறதியில்.

'எழுப்பாதே' என்றார் அந்துவான்.
'தூங்குற பயணிதான் லாபம்.'

ஒன்றரை மணிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன்.
மண்டபத்துக்கு: மே முதல் இருநூற்று நாற்பத்தொன்பது.
முப்பத்தெட்டுக்கு:
உங்கள் தளம் இன்னும் ஓடுகிறது. வேண்டுமா?
விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு
வெகுநேரம் ஏசியின் சத்தத்தைக் கேட்டேன்.

ஏப்ரலில் நூற்றுக்கு நாலு.
இருபத்திரண்டு பேர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்கள்.
வேட்பாளர் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினார்.
காரைக்காலிலிருந்து ஜுலைகா கேட்டார்:
'வாப்பா மௌத்தாகி ஆறு வருஷம்.
அத்தனை வருஷமும் காசு போச்சா?'
போனது என்றேன்.
ஒரு வருடத்துப் பணத்தைத் திருப்பினேன்.
'மீதி?' என்றார்.
மீதிக்கு என்னிடம் பதில் இல்லை.
ஐஸ் பாளங்களுக்கு நடுவே
வேர்த்துக்கொண்டு நிற்கும் அவர் வாப்பாவின் படத்தை
வாட்ஸப்பில் அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடுகள். அவ்வளவுதான்.

ஜூனில் பதினொன்று என்று வருகிறது.
மண்டபத்தைப் போல இருபத்தாறு பேருக்கு விலை ஏறியது;
ஒரு சர்வரையே காலி செய்து மும்பைக்காரனிடம் திருப்பியாயிற்று.
நம்பாமல் மறுபடி கூட்டுகிறேன்.
திங்கட்கிழமை டாலர் என்ன செய்யுமோ.

'அக்கா', கலியமூர்த்தி ரிசீவரைப் பொத்திக்கொண்டு,
'மண்டபம். பாஸ்வேர்ட் மறந்துட்டாங்களாம்.'

கொடு என்கிறேன்.
இருநூற்று நாற்பத்தொன்பதுக்கு
ஒரு வணக்கம் கூடுதலாகவே சொல்லலாம்.