இரண்டு ரூபாய் உறை

வண்ணார்பேட்டை பைபாஸில்
தூங்குமூஞ்சி மரத்தடியில் என் ஸ்டாண்டு.
வண்டிக்குப் பத்து ரூபாய்.
சீட்டுக்கு உறை போட இரண்டு ரூபாய் கூட.

கார்த்திகை பிறந்தால்
உறைக்காசே கரண்டு பில்லைக் கட்டிவிடும்.
ஐந்தரைக்கு முதல் ஐம்பது,
ராமையன்பட்டிக் குப்பையில் தின்றுவிட்டு
கம்பியில் உட்கார்ந்து யோசிக்கும்.
பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து
தவிடு பறக்கிற மாதிரி,
கறுத்த தவிடு.
ஆறேகாலுக்கு மரம் இலையை மூடும்.
மூடின இடமெல்லாம் காக்கை அடையும்.
போனில் பேசினால்
எதிரே இருக்கிறவர் "மார்க்கெட்டிலா இருக்கீரு?" என்பார்.

ஜெபசிங் சார் பைக் டாங்கில்
எச்சம் அரித்து பெயின்ட் போய்
தமிழ்நாடு மேப் போல ஒரு தடம்.
கன்னியாகுமரி மட்டும் குறையுது சார் என்றேன்.
சிரிக்கவில்லை.
மனு எழுதினார்.

நாற்பத்துமூன்று கையெழுத்து.
பத்தொன்பதாவது என்னுடையது.
"உறைக்காசு வாங்குகிற நீரே போடலாமா வே?"
பஞ்சர்கடை இசக்கியப்பன் கேட்டான்.
ஊரே ஒரு பக்கம் நிற்கையில்
நான் மட்டும் காக்கைக் கட்சியா?

மரத்தை யாரும் வெட்டவில்லை.
வெடி போட ஆள் வரவில்லை.
மனுவுக்குப் பதில்கூட இல்லை.
மறு வருஷம் முக்கில் உயர்கோபுர விளக்கு வந்தது.
குப்பைக்கு மூடிபோட்ட லாரி வந்தது.
வயக்காட்டில் பிளாட் கல் ஊன்றினார்கள்.
இதில் எது என்று கேட்டால்
ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
சிலர், "காக்காயா? இங்கேயா?" என்கிறார்கள்.
கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

அந்த மார்கழியில் கொஞ்சம் குறைச்சல்.
அடுத்ததில் எண்ணிப் பார்த்தேன்,
எழுபத்தொன்று.
எண்ண முடிகிறதே என்று
அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருஷம் நாலு.
விளக்கு எரிந்தாலும்
மரம் ஆறேகாலுக்கு இலையை மூடிக்கொள்கிறது.
அவைகளுக்கு அது வரவில்லை.
வெளிச்சத்தில்
கிளை மாறிக் கிளை மாறி உட்காருகின்றன,
சீட்டு கிடைக்காத பஸ்ஸில் போகிறவர்கள் போல.

உறைகளை மடித்துச் சாக்கில் கட்டிவிட்டேன்.
ஜெபசிங் சார் டாங்குக்குப் புது பெயின்ட் அடித்துவிட்டார்.
"சுத்தமா இருக்குல்லா?" என்றார்.
இருக்கு சார்.

இன்றைக்கு விடியக்காலம்
தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிற ரெஜினா சிஸ்டரின்
ஸ்கூட்டர் சீட்டில் ஒரே ஒரு சொட்டு,
வெள்ளையாய், ஈரம் காயாமல்.
துணியை எடுத்துக்கொண்டு நின்றேன்.
"துடைங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு."
துடைத்தேன்.

மேலே பார்த்தேன்.
விளக்குதான் கண்ணைக் கூசியது.